கசப்புக் காப்பியின் பின்னூட்டம்

என் வலைப்பூவில் எதை எழுதினாலும் முதல் பின்னூட்டம் கசப்புக் காப்பியுடையதுதான். ஆளின் நிஜப் பெயர் தெரியாது. பிலடெல்ஃபியா பனியைப் படம் பிடித்துப் போட்டாலும் சரி, ஊறவைத்த சோயா கெட்டுப்போன கதையைச் சொன்னாலும் சரி, கீழே ஒரே கேள்வி: "அதெல்லாம் இருக்கட்டும், எப்ப ஊருக்கு வர்றீங்க அக்கா?"

பார்த்த உடனே அழித்துவிடுவேன். என் விசா எப்போதோ காலாவதியாகிவிட்டது. அமெரிக்காவை விட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். மகன் இங்கே பள்ளியில் படிக்கிறான். இதையெல்லாம் முகம் தெரியாத ஒருவனிடம் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா?

அன்று விடிவதற்குள் அம்மா கூப்பிட்டாள். இந்தோனேசியாவில், எங்கள் ஜாவாவில், அப்போது சாயங்காலம். மெராப்பி எரிமலை சில நாட்களாக உறுமிக்கொண்டிருந்ததால், எங்கள் ஊரையே கீழே ஒரு பள்ளிக்கூடத்துக்கு இறக்கியிருந்தார்கள்.

"உங்கப்பா மாட்டுக்குப் புல்லு போட்டுட்டு வரேன்னு மேல போனாரு வினார்த்தி. இன்னும் காணோம். போனை என்கிட்டயே விட்டுட்டுப் போயிட்டாரு."

"யாரையாவது அனுப்புங்கம்மா."

"யாரு போவா? தடுப்பு போட்டு போலீஸ் நிக்குது. மலை சத்தம் இங்கயே கேக்குதுடி."

அப்பாவுக்கு இரண்டு கறவை மாடுகள். பெற்ற பிள்ளையைவிட அதுகள்தான் ஒசத்தி என்று நான் கேலி செய்வதுண்டு. இப்போது அதை நினைக்கவே பயமாக இருந்தது.

வேறு வழி தெரியாமல் வலைப்பூவில் எழுதினேன். ஊர்ப் பெயர், பள்ளிவாசலுக்கு மேலே பச்சைக் கதவு வீடு, அப்பா பெயர் பர்ஜிமன். பக்கத்தில் யாராவது இருக்கிறீர்களா?

பின்னூட்டங்கள் கொட்டின. டோக்கியோ, ரோட்டர்டாம், பெர்த். எல்லோரும் என்னைப் போலவே ஊரை விட்டுவிட்டு ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள். "பொறுமையா இருங்க அக்கா." "துஆ செய்றோம் அக்கா, அல்லாஹ் காப்பாத்துவான்." எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. துஆவுக்கு வண்டி ஓட்டத் தெரியுமா?

அப்புறம் கசப்புக் காப்பி வந்தான்.

"நான் கீழ சந்தைகிட்டதான் இருக்கேன். சலாக் பழத் தோட்டம் வழியா பைக்குல போயிருவேன். சொன்னா கேப்பாரா உங்கப்பா?"

"மாட்டை விட்டுட்டு வரவே மாட்டார்," என்று தட்டினேன்.

"அதுக்கு? மாட்டை மடியிலயா வெச்சுட்டு வர முடியும்?"

"எப்படியாவது கூட்டிட்டு வாங்க."

அதன்பிறகு அவனிடமிருந்து ஒன்றுமில்லை. வாசலில் என்னை வேலைக்கு ஏற்றிப்போகும் தொழிற்சாலை வேன் ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை. இன்னொரு முறை அடித்துவிட்டுப் போய்விட்டது.

ரோட்டர்டாம்காரிதான் முதலில் செய்தியைப் போட்டாள். மலை வெடித்துவிட்டது. வெந்த சாம்பல் மேகம் எங்கள் ஊர்ச் சரிவில்தான் இறங்கியிருக்கிறது. அம்மாவின் எண்ணைத் திரும்பத் திரும்ப அழுத்தினேன். லைன் போகவே இல்லை. அப்பாவைத் தேடச் சொல்லி யாரோ பெற்ற பிள்ளையையும் நெருப்புக்குள் அனுப்பிவிட்டேனே. அவன் கேட்டதற்கு ஒரு தடவையாவது பதில் சொல்லியிருக்கலாம்.

வெளியே வெளிச்சம் வந்தபோது திரையில் ஒரு வரி தெரிந்தது.

"இறக்கிட்டேன் அக்கா. ஒரு பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. மன்னிச்சிருங்க."

என்ன பொய் என்று தட்டுவதற்குள் போன் அடித்தது. அம்மாவின் எண். பேசியது அப்பா. மூச்சு வாங்கியது அவருக்கு.

"வினார்த்தி, எங்கம்மா நிக்கிற?"

"அப்பா, நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்ன. நீ எங்க நிக்கிற? ஒரே கூட்டமா இருக்கு, கண்ணுல வேற சாம்பல்."

"எங்க நிக்கிறேன்னா?"

"பைக்குல வந்த பையன் சொன்னானே, நீ பிளேன்ல வந்து இறங்கிட்ட, பள்ளிக்கூடத்துல அழுதுகிட்டு நிக்கிறன்னு. மாட்டுக் கயித்தைக்கூட அவுக்காம ஓடி வந்தேன். ரெண்டும் போச்சு, போனா போவுது விடு. உங்கம்மா என்னமோ நீ வரலேங்கறா. அவளுக்கு என்ன தெரியும்."

போனுக்குள் ஜனங்களின் அழுகையும் ஒலிபெருக்கியும் கேட்டன. அப்பா யாரையோ விலகச் சொல்லிக்கொண்டு நடந்தார்.

"வாசப் பக்கம் வந்துட்டேன். கையத் தூக்கிக் காட்டு கண்ணு, பாக்கறேன்."

பிலடெல்ஃபியாவில், என் சமையலறையில் நின்றபடி, நான் கையைத் தூக்கினேன்.