லெம்பியின் பன்னிரண்டு செடிகள்

ரெய்னோ காங்கஸ் ஞாயிற்றுக்கிழமை காலையில் செத்துப்போனார். அந்த நிமிடமே என் கொட்டகையில் அவர் பெயரில் வளர்ந்த பன்னிரண்டு கஞ்சாச் செடிகளும் சட்டவிரோதமாகிவிட்டன. ஒருவர் செத்தால் அவருடைய நாய்க்குச் சோறு போட ஊரில் ஆள் உண்டு. செடிக்குத்தான் நாதியில்லை.

நான் மார்லிஸ். முப்பது வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டினேன். இப்போது அமெரிக்காவின் வடக்கே சுப்பீரியர் ஏரிக்கரையில் உரிமம் வாங்கி மருந்துக் கஞ்சா வளர்க்கிறேன். சட்டத்தில் எனக்குப் பெயர் பராமரிப்பாளர். ஐந்து நோயாளிகள், ஆளுக்குப் பன்னிரண்டு செடி. ஒன்று கூடினாலும் உரிமம் போய்விடும், வழக்கும் வரும். நெடுஞ்சாலையோரம் ஒரு கம்பெனிக்காரன் விமானம் நிறுத்துகிற அளவுக்குக் கொட்டகை கட்டி ஆயிரக்கணக்கில் வளர்க்கிறான். அவனுக்கு வேறு உரிமம், வேறு சட்டம். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

ரெய்னோவின் செடிகளை வெட்டிப் போட்டிருப்பேன், ஷெல்பி மட்டும் இல்லையென்றால். ஷெல்பிக்கு இருபத்துநாலு வயது. பாஸ்டி என்கிற கறி அடைத்த ரொட்டி சுடுகிற கடையில் அடுப்படி வேலை. முன்பு வாரத்துக்கு இரண்டு முறை வலிப்பு வரும்; ஒரு தடவை அடுப்பின் மேலேயே விழுந்து முழங்கை வெந்துபோனது. என் எண்ணெய் ஆரம்பித்த பிறகு இரண்டு பனிக்காலம் விழாமல் தாண்டிவிட்டாள். கடை எண்ணெய் அவளுக்குக் கேட்கவில்லை. ஆனால் எண்ணெய் எடுக்க மூட்டைக் கணக்கில் பூ வேண்டும். அவளுடைய பன்னிரண்டு செடி பாதிப் பனிக்காலத்துக்குத்தான் வரும். மீதிக்கு ரெய்னோ தன் பங்கைக் கொடுத்துவந்தார். அதுவும் சட்டப்படி தப்புதான். யாரும் கேட்டதில்லை, நாங்களும் சொன்னதில்லை.

செடிகள் இருப்பதை ஊருக்கே சொல்லிவிட்டது ரெய்னோவின் மனைவி லெம்பி. எங்கள் ஊரில் இரங்கல் செய்தி போட்டால் எல்லோருக்கும் பெயர் சொல்லி நன்றி சொல்லியாக வேண்டும்: நர்ஸ், பாதிரியார், வாசலில் பனி தள்ளிக்கொடுத்தவர். லெம்பி மரியாதை தெரிந்தவர். ‘ரெய்னோவுக்குத் தூக்கம் தந்த செடிகளை வளர்த்த மார்லிஸுக்கு நன்றி’ என்று வாரப் பத்திரிகையில் போட்டுவிட்டார். புதன்கிழமை பத்திரிகை வந்தது. அன்று மத்தியானமே டெரிக் வந்தான், போலீஸ் உடுப்பில்.

“பேப்பர் பாத்தீங்களா மார்லிஸ்?”

“பாத்தேன். ரெய்னோ போட்டோ நல்லா வந்திருக்கு.”

“போட்டோவை விடுங்க. அவர் போனதும் அவரோட நோயாளி அட்டையும் போச்சு. செடியை எண்ணிட்டு வரச் சொல்லி மேலேருந்து உத்தரவு.”

“எட்டாவது வரைக்கும் என் பஸ்லதானடா வந்தே. அப்ப உனக்கு எண்ண வராது. இப்ப வருமா?”

அவன் சிரிக்கவில்லை. “வெள்ளிக்கிழமை வர்றேன். அதுக்குள்ள பன்னிரண்டையும் வெட்டிடுங்க. நான் வெட்டுற மாதிரி வச்சா உங்க உரிமமும் போயிடும்.”

“இன்னும் மூணு வாரம் விட்டா முத்திடும். இப்ப வெட்டினா குப்பைக்குத்தான் ஆகும்.”

“சட்டத்தை நான் எழுதல.”

“எழுதினவன் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாத்ததில்லயே.”

உரிமம் போனால் மற்ற நாலு பேரும் நடுத்தெருவில் நிற்பார்கள். வெட்டினால் ஷெல்பி நிற்பாள், அதுவும் அடுப்புக்கு முன்னால். ஒரே வழி, அந்தப் பன்னிரண்டுக்கும் புது நோயாளி ஒருவர் வேண்டும். தன் பங்கை இன்னொருத்திக்குத் தர மனசுள்ளவராகவும் இருக்க வேண்டும்.

வியாழக்கிழமை அடக்கம் முடிந்து சர்ச்சின் கீழ்த்தளத்தில் காபியும் ஏலக்காய் ரொட்டியும் கொடுத்தார்கள். லெம்பியை ஓரமாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். எழுபது வயதிலும் விறைப்பாக நிற்கிற மனுஷி. ரெய்னோ கஞ்சா புகைத்தார் என்பதற்காக ஒன்பது வருஷமாக அவர் படுக்கையறைப் பக்கமே போகாதவர்.

“நன்றி சொன்னது ஒரு குத்தமா?” என்றார்.

“குத்தம் இல்ல. ஆனா மாட்டிக்கிட்டோம். உங்களுக்கு எங்கயாவது வலி இருந்தா, டாக்டர் எழுதிக்கொடுத்தா, அந்தச் செடிகளை உங்க பேருக்கு மாத்திடலாம்.”

“எனக்கு ஒரு வலியும் இல்ல.”

அப்போது ஷெல்பி காபிக் கெண்டியோடு எங்களைத் தாண்டிப் போனாள். முழங்கைத் தழும்பு தெரிந்தது. லெம்பி அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எந்த டாக்டர்?” என்றார்.

கறுப்பு உடையோடு நேராக டாக்டரிடம் போனோம். இளவயதுப் பையன், ஊருக்குப் புதுசு. எங்கள் ஆட்களைப் பற்றி அவனுக்குத் தெரியாது. இங்கே சுரங்கத்தில் கால் நசுங்கியவன்கூட ‘பரவாயில்லை’ என்றுதான் சொல்வான். வலி என்று வாயைத் திறப்பதைவிடச் செத்துப்போவது மேல் என்று நினைக்கிற ஊர்.

“வலி எவ்வளவு இருக்கும்மா? பத்துக்கு எத்தனை சொல்வீங்க?”

“ஒண்ணு,” என்றார் லெம்பி.

நான் மேஜைக்கு அடியில் அவர் காலை மிதித்தேன்.

“ஒன்றரை.”

டாக்டர் பேனாவை மூடி வைத்தான். “ஒன்றரைக்கு நான் எப்படிம்மா எழுதித் தர்றது?”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு பொய் சொல்ல இந்த மனுஷிக்கு என்ன கேடு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பொய்யைத்தான் அவர் இத்தனை நாள் சொல்லிவந்தார் என்பது எனக்குத் தெரியாது.

லெம்பி கையுறையைக் கழற்றி மடியில் வைத்தார். “இடுப்பு,” என்றார். “ஒன்பது வருஷமா மாடிப்படி ஏற முடியல. கீழ நாற்காலியிலயே தூங்குறேன். அவர்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துது. உங்க கஞ்சா நாத்தம் தாங்கல, அதான் மேல வரலன்னு சொல்லிட்டேன். அதை நம்பிட்டார். நாத்தம் போனா நான் வருவேன்னு பனிக்காலத்துலயும் ஜன்னலைத் திறந்துவச்சே தூங்கினார். அந்தக் குளிர்லதான் நெஞ்சு கெட்டுச்சோ என்னவோ. இடுப்பு வலின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கீழயே கட்டில் போட்டிருப்பார்.”

டாக்டர் அவரைப் படுக்கவைத்துக் காலை மடக்கிப் பார்த்தான். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாலும் லெம்பியின் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் கையெழுத்துப் போட்டான். வீட்டுக்கு வரும் வழியில் நான்தான் அழுதேன்.

வெள்ளிக்கிழமை டெரிக் வந்தபோது லெம்பி கொட்டகைக்குள் ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். அவன் செடி செடியாக எண்ணினான். பெயர்ச் சீட்டுகளைப் படித்தான். முந்தின இரவே நாங்கள் இணையத்தில் பதிவு செய்து வாங்கிய எண்ணைப் போனில் போட்டுச் சரிபார்த்தான். எல்லாம் ஒழுங்கு.

“இது யாருக்குப் போகும்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்க லெம்பி. ஒரு நோயாளி இன்னொரு நோயாளிக்குக் கொடுக்கக் கூடாது. கொடுத்தா கேஸ்.”

“ரெய்னோ கொடுத்தாரே.”

“அது எனக்குத் தெரியாது.”

“இப்ப தெரிஞ்சுடுச்சுல்ல. நான் ஒளிச்சுக் கொடுக்க மாட்டேன். அறுத்து, காயவச்சு, எண்ணெய் எடுக்க அக்டோபர் கடைசி ஆயிடும். கடைசி ஞாயித்துக்கிழமை, சர்ச் விட்டதும், பாஸ்டிக் கடை வாசல்ல. வந்து பிடிச்சுக்கோ.”

“மார்லிஸ், இவங்களுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

“நான் எதுக்கு? நீயே சொல்லிப் பாரு,” என்றேன்.

எண்ணெயை லெம்பியிடம் ஒப்படைத்த அன்று, ஷெல்பிக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கெஞ்சினேன். அவர் கேட்கவில்லை. உனக்கு உரிமம் இருக்கிறது, நாலு பேர் உன்னை நம்பி இருக்கிறார்கள், உன் கை படக்கூடாது என்றார். ஷெல்பியின் செடிகளில் எடுத்தது ஜனவரியைத் தாண்டாது என்பதும் அவருக்குத் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து ஒருவர்கூட வீட்டுக்குப் போகவில்லை. கடை வாசலில் பனித்தூறலில் நின்றோம். எதிரே டெரிக்கின் வண்டி. ஷெல்பி மாவுக் கையோடு வெளியே வந்து, “வேண்டாம் லெம்பி, எனக்காக நீங்க மாட்டிக்காதீங்க,” என்றாள்.

“வாயைத் திற.”

நாக்குக்கு அடியில் சொட்டு விட்டார். கசப்பில் ஷெல்பி முகத்தைச் சுளித்தாள். லெம்பி பாட்டிலை மூடி அவளுடைய ஏப்ரன் பையில் போட்டார்.

டெரிக் ரோட்டைக் கடந்து வந்தான். பாவம், அவன் முகமே சரியில்லை. “லெம்பி, அது மீன் எண்ணெய்தானே?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டான். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் திரும்பிப் போய்விடுவான். கூட்டத்தில் எல்லோருக்கும் அது புரிந்தது. நானும் சொல்லிவிடுங்கள் என்று கண்ணைக் காட்டினேன்.

“கஞ்சா எண்ணெய்,” என்றார் லெம்பி. “என் செடி. நான்தான் கொடுத்தேன். அடுத்த மாசமும் கொடுப்பேன்.”

பாட்டிலை டெரிக் கேட்கவில்லை. பிறகு லெம்பியின் முழங்கையைப் பிடித்து வண்டிக்குக் கூட்டிப்போய்ப் பின்கதவைத் திறந்தான். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம்.

லெம்பி உள்ளே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். ஊர் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னார்:

“முன் சீட்டைத் திற. இதுல என்னால ஏற முடியாது. இடுப்பு உயிர் போற மாதிரி வலிக்குது.”