நாற்பத்தேழாவது புகார்

வீட்டிலும் அலுவலகத்திலும் அவருக்குச் சான்று சார் என்றுதான் பெயர். வெளியே மழை என்று மனைவி சொன்னால்கூட, எந்தப் பேப்பரில் வந்திருக்கிறது என்று கேட்கிற மனுஷர். பகலில் காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா. மிச்ச நேரமெல்லாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கிற ஒரு கலைக்களஞ்சியத்துக்குச் சம்பளமில்லாக் காவல்காரர்.

உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கட்டுரைகள்மேல் அந்த வருஷம் நாற்பத்தேழு புகார்கள் வந்திருந்தன. அவற்றை அலசி அறிக்கை எழுதும் வேலையை அந்தக் காவல்காரர்களின் குழு அவர் தலையில் கட்டியது. கட்டியதென்ன, அவரேதான் தலையை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் இஸ்திரி மேஜைமேல் கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அடடா, என்னென்ன புகார்! ஒரு நடிகர் தன் வயதில் ஆறைக் கழிக்கச் சொன்னார். மச்சினன் நடத்தும் சங்கம் கொடுத்த பட்டத்தை ஏன் நீக்கினீர்கள் என்று ஓர் அரசியல்வாதி குதித்தார். முதல் கல்யாணத்தை எடுத்துவிடுங்கள் என்று ஒரு தொழிலதிபர் எழுதியிருந்தார். எடுத்தால் தெரியும் சேதி என்று முதல் மனைவி எழுதியிருந்தாள். சான்று சார் விழுந்து விழுந்து சிரித்தார்.

நாற்பத்தேழாவது புகார் பழைய நீச்சல் வீராங்கனை ஒருத்தியுடையது. ஊக்கமருந்து சாப்பிட்டு மாட்டிக்கொண்டு போட்டிகளிலிருந்து விலகினாள் என்றது கட்டுரை. தோள்பட்டை போனதால்தான் விலகினேன் என்று அவள் நாலு தடவை எழுதிவிட்டாள். ஒரு பள்ளியில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித்தரும் வேலை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அந்த வரி இருக்கும்வரை கிடைக்காது. டாக்டர் சீட்டைக்கூட அனுப்பியிருந்தாள். அது அச்சில் வரவில்லை, எங்கள் வரிக்கோ பத்திரிகைச் சான்று இருக்கிறது என்று நாலு தடவையும் அவர் தள்ளிவிட்டார். கடைசிக் கடிதத்தில் அவள், “செய்யாத தப்பைச் செய்யலன்னு எந்தப் பேப்பர் சார் போடும்?” என்று கேட்டிருந்தாள்.

அந்த வரி எப்போது சேர்ந்தது என்று அறிக்கையில் ஒரு கட்டம் இருந்தது. அதை நிரப்பத்தான் அந்தக் கட்டுரையின் பழைய பதிப்புகளைத் திறந்தார். வரி சேர்ந்து பதினோரு வருஷம். பத்திரிகைச் செய்தி வந்து ஒன்பது வருஷம்தான். வரியை எழுதியது யார் என்று பார்த்தார். சாட்சாத் அவரே. குப்பென்று வியர்த்துவிட்டது. களஞ்சியத்தில் சேர்ந்த புதிதில் கை துறுதுறுத்த காலம். அலுவலக கேன்டீனில் யாரோ அடித்த வம்பைச் சுடச்சுட எழுதி வைத்திருந்தார். பத்திரிகைக்காரன் அதை வார்த்தை மாறாமல் காப்பியடித்தான். அந்தப் பத்திரிகையையே பிறகு இவர் கொண்டுவந்து சான்றாக ஒட்டி, மார்தட்டிக்கொண்டிருந்தார்.

‘நடைத் திருத்தம்’ என்று காரணம் போட்டு, ஓசைப்படாமல் வரியைத் தூக்கினார். கால் மணி நேரத்தில் குழுவிலிருந்த ரிட்டயர்டு வங்கி அதிகாரியம்மா அதைத் திரும்பப் போட்டுவிட்டார். சான்றுள்ள வரியில் கை வைக்கலாமா என்று இவருக்கே எச்சரிக்கை வேறு.

இனி ஒரே வழிதான். கேட்ட வம்பை எழுதியவன் நான்தான், பத்திரிகை என்னைப் பார்த்து எழுதியதுதான் என்று எல்லாரும் படிக்கிற பக்கத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்தனை வருஷம் கட்டிக்காத்த பெயர் என்னாவது? இன்று நாளை என்று ஐந்து நாள் இழுத்தடித்து, வெள்ளிக்கிழமை ஒருவழியாக எழுதினார். வரி போனது. உடனே அவளுக்குப் போன் போட்டார்.

“ரொம்ப நன்றி சார். அந்த வேலைக்கு நேத்தே வேற ஆளை எடுத்துட்டாங்க,” என்றாள்.

மறுநாள் பார்த்தால், நேர்மைக்கென்று ஒரு பதக்கப் படத்தை அவருடைய பக்கத்தில் ஒட்டிக் குழுவினர் பாராட்டித் தள்ளியிருந்தார்கள். வெட்கக்கேடு, அவருக்கும் உள்ளூரக் குளிர்ந்துதான் போயிற்று. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பதக்கத்தை விட்டுவிட்டு, அவர் ஒப்புக்கொண்டு எழுதியதை முழுதும் படித்தாள்.

“சரி, அந்தப் பொண்ணுக்கு என்னங்க ஒட்டினீங்க?” என்று கேட்டாள்.