நீலமாகாத அட்டை

சவரிராயன் நாற்பத்தாறு வயதில் பெருங்குடல் புற்றுநோயில் இறந்தார். மூத்த மகன் அற்புதசாமி நாற்பத்தொன்றிலேயே அதே நோயில் போய்ச் சேர்ந்தான். அவனை அடக்கம் செய்த மறு மாதம், 1981 பிப்ரவரியில், தங்கை அமலராணி தில்லை நகரில் டாக்டர் கலீலைப் பார்க்கப் போனாள். பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மிச்சமிருந்தது அவளும் தம்பி தைரியராஜும்தான்.

"இது உங்க குடும்பத்துல ரத்தத்தோட வர்ற வியாதி, டீச்சர். ரெண்டு பேரும் மெட்ராஸ் போய், ஆசனவாய் வழியா குழாய் விட்டுக் குடலைப் பார்த்துக்கிறது நல்லது" என்றார் கலீல்.

"தம்பி வரமாட்டான் டாக்டர். குழாய்னு சொன்னாலே எந்திரிச்சுப் போயிடுவான்."

கலீல் மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு அட்டைகளை எடுத்தார். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தவை. மூன்று நாள் மலத்தை அதில் துளியூண்டு தடவிக் கொண்டுவர வேண்டும். அவர் மருந்துச் சொட்டு விடுவார். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருந்தால் நீலமாகும்.

"நீலமானா எங்கேயோ கசியுதுன்னு தெரியும். ஆகலன்னா, அந்த மூணு நாள் கசியலன்னு மட்டும்தான் அர்த்தம். இதைத் தம்பிகிட்ட தெளிவா சொல்லிடுங்க."

அமலராணி சொல்லவில்லை. சொன்னால் அட்டையையும் தொடமாட்டான் என்று பயந்தாள்.

தைரியராஜ் பொன்மலை ரயில்வே பணிமனையில் கிளார்க். அட்டையைப் பார்த்துச் சிரித்தான். "என்னக்கா இது அசிங்கம்?"

"குழாயெல்லாம் வேணாம்டா. இதை மட்டும் செஞ்சு குடு. ஒண்ணும் இல்லன்னு வந்துட்டா அப்புறம் உன்னைத் தொந்தரவே பண்ணமாட்டேன்."

தவக்காலம் என்பதால் வீட்டில் கறி கிடையாது. கறியின் ரத்தமும் அட்டையை நீலமாக்கிவிடும் என்பதால் பரிசோதனைக்கும் கறி கூடாது. அந்த வகையில் சுலபமாகப் போயிற்று. தைரியராஜின் அட்டை வெள்ளையாகவே இருந்தது. அமலராணியின் அட்டையில் இரண்டு கட்டங்கள் நீலமாயின.

அவள் தனியாக மெட்ராஸ் போனாள். குடலில் சுண்டைக்காய் அளவு கட்டி ஒன்று இருந்தது. குழாய் வழியாகவே எடுத்தார்கள். இன்னும் புற்றாக மாறவில்லை என்றார்கள். திரும்பி வந்தவளிடம், "பாவம், உனக்குத்தான் இருந்திருக்கு. நான் தப்பிச்சேன்" என்றான் தைரியராஜ். அவன் குரலில் உண்மையான இரக்கம் இருந்தது. அப்போதும் டாக்டர் சொன்னதை அவள் அவனிடம் சொல்லவில்லை.

அடுத்த தவக்காலத்திலும் அவன் அட்டை நீலமாகவில்லை. 1983 ஈஸ்டர் பூசையில் பாட்டுக்கு எழுந்து நின்றவன் மூச்சு வாங்கி உட்கார்ந்தான். கண் இமையின் உள்புறம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"ஒரு தடவை மெட்ராஸ் போயிட்டு வந்துடலாம்டா."

"தொந்தரவு பண்ணமாட்டேன்னு சொன்னியேக்கா. அட்டைதான் சுத்தமா இருக்கே!"

சத்துக்குறைவு என்று இரும்பு மாத்திரை சாப்பிட்டான். ஆடி மாதம் வலது வயிற்றில் கையில் படும்படி கட்டி வந்தது. வயிற்றைத் திறந்தவர்கள் அப்படியே தைத்து மூடினார்கள். கல்லீரல் வரை பரவியிருந்தது.

கடைசி வாரங்களில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, டாக்டர் சொன்னதையும் தான் மறைத்ததையும் அமலராணி சொன்னாள்.

"சொல்லியிருந்தாலும் நான் போயிருக்கமாட்டேன்க்கா" என்றான்.

அது உண்மையா, அவளுக்காகச் சொன்னதா என்று தெரியவில்லை. 1984 ஜனவரியில் இறந்தபோது அவனுக்கு முப்பத்தொன்பது.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து அவன் மனைவி பாக்கியமேரியிடம் பேசிப் பார்த்தாள். "பிள்ளைங்களுக்கு இருபத்தஞ்சு வயசுலேர்ந்து குழாய் விட்டுப் பார்க்கணுமாம், மேரி. டாக்டர் சொன்னாரு."

"அண்ணி, இந்தப் பேச்சை இதோட விட்டுடுங்க. வெளியே தெரிஞ்சா எம்பொண்ணை யாரு கட்டுவா? உங்க பேச்சைக் கேட்டு அட்டையை நம்பினவரு எங்க இருக்காரு இப்போ?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவளை வா என்று கூப்பிடவில்லை.

1988 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தைரியராஜின் மகள் சகாயமேரிக்கும் முசிறிப் பையன் ஒருவனுக்கும் பங்குச் சாமியார் கல்யாண ஓலை வாசித்தார். தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று வழக்கம்போல் முடித்தார். அமலராணி பின்வரிசையில் இருந்தாள். திருச்சபை கேட்கும் தடை வேறு, தான் அறிந்தது வேறு என்று அவளுக்குத் தெரியும். அடுத்த ஞாயிறும் அதற்கடுத்த ஞாயிறும் வாசித்தார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

கல்யாணத்தன்று கோவில் வாசலில் சகாயமேரி தானாகவே அவளிடம் வந்து முழந்தாளிட்டாள். அப்பாவின் அதே அகன்ற நெற்றி. "ஆசீர்வாதம் பண்ணுங்க அத்தை."

நாலடி தள்ளி நின்று பாக்கியமேரி இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமலராணி அந்த நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை வரைந்தாள். "நல்லா இரும்மா" என்றாள்.