எஞ்சினோடு ஏறும் சத்தம்

மிதி புள்ள, இன்னும் கொஞ்சம் மிதி என்று பின்சீட்டிலிருந்து அவர் சொல்கிறார், நான் ஆக்சிலேட்டரை மிதிக்கிறேன், கண்ணாடிகள் நான்கும் ஏற்றியிருக்கின்றன, ஏசி போடக்கூடாது, போட்டால் அதன் இரைச்சல் குறுக்கே வருமாம், முதுகில் ஜாக்கெட் நனைந்து சீட்டோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எஞ்சின் உறுமி ஏற ஏற ஸ்பீக்கருக்குள்ளிருந்து அந்த மெல்லிய சத்தமும் கூடவே ஏறுகிறது, ஙீ என்று, ஒரு பாட்டும் ஓடாதபோதும், விடு என்கிறார், விடுகிறேன், எஞ்சின் தணிய அதுவும் தணிகிறது, கதவோரம் இருக்கும் ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்கிறார் என் வீட்டுக்காரர், எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கியரைத் தொட்டதுகூட இல்லை, ஆனால் அந்த வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் டிரைவர் சீட்டில்தான் இருந்தேன், நகராத ஒரு வண்டிக்கு டிரைவராக.

வண்டி நின்றது எங்கள் தறிக்கூடத்தில், தறி இல்லாத தறிக்கூடத்தில், இரும்புக்கு எடை போட்டுத் தறிகளைக் கொடுத்த பிறகு தரையில் போல்ட் பிடுங்கிய குழிகள்தான் மிச்சம், அவற்றின் நடுவே ஷட்டரைத் திறந்துவைத்து வண்டியை விட்டிருந்தார், மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை காய்ந்து உள்ளே அனலாக இறங்கும், அந்தக் கூடத்தில்தான் அவர் வாலிபம் முழுக்கப் போயிற்று, என் வாலிபமும்தான், சோமனூருக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் நான் ஊடைநூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்க உள்ளே போவேன், வாயைத் திறந்து பேசிப் பயனில்லை, ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் கைதட்டுவதுபோல் தறிகள் அடிக்கும், உதட்டைப் பார்த்துத்தான் பேச்சு, சோறு என்றால் கையை வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், சுவரில் ஒரு ரேடியோ எப்போதும் பாடிக்கொண்டிருக்கும், பாடுகிறது என்பது அதன் சிவப்பு விளக்கு எரிவதை வைத்துத் தெரியும், அவ்வளவுதான், கேட்காத ரேடியோவை எதுக்குங்க போட்டு வெக்கறீங்க என்று ஒருமுறை சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன், அது பாடட்டும் புள்ள, ஒரு நாளைக்கு எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு உக்காந்து கேக்கோணும் என்றார், நிறுத்திய பிறகு பழைய கார் ஒன்றை வாங்கினார், வீட்டில் கேட்டால் ஆகாதா என்றேன், வீட்டுல ஆளு வரும் போகும், காருன்னா கதவைச் சாத்திக்கலாம் என்றார், கருமத்தம்பட்டியில் அன்வர் கடையில் விட்டுப் பழைய பாட்டு செட்டைக் கழற்றிவிட்டுப் புது செட், நான்கு கதவுக்கும் புது ஸ்பீக்கர், சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர் என்று மாட்டிக்கொண்டு வந்தார், வந்த அன்றே என்னை உட்காரவைத்து ஒரு பாட்டைப் போட்டு, கேளு, புல்லாங்குழல்காரன் மூச்சு இழுக்கறதுகூடக் கேக்குது பாரு என்றார், கேட்டது, பிறகு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு வருவதற்குள் அந்த இடைவெளியில், ஙீ.

அதற்கப்புறம் பாட்டு இல்லை, சத்தம் மட்டும்தான், எஞ்சினை நிறுத்தினால் ஸ்பீக்கரில் ஒன்றும் இல்லை, எஞ்சின் ஓடினால் இருக்கிறது, மிதித்தால் ஏறுகிறது, எஞ்சினோட சுத்தி பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டர்ல இருந்து கரண்ட்டோட சேர்ந்து வருதுங்கண்ணா, எல்லா வண்டியிலயும் கொஞ்சம் இருக்கும், பாட்டு ஓடினா தெரியாது என்றான் அன்வர், எனக்குத் தெரியுதே தம்பி என்றார் இவர், செட்டை மாற்றிப் பார்த்தார், செல்போனிலிருந்து நேராகக் கொடுத்துப் பார்த்தார், பாட்டு வரும் ஒயரும் பேட்டரி ஒயரும் ஒட்டி ஓடக்கூடாது என்று யாரோ சொன்னதைக் கேட்டுத் தரைவிரிப்பை முழுக்கப் பிடுங்கி ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் கொண்டுபோனார், ஒவ்வொரு தடவையும் மிதி, விடு, மிதி, ஓசூரிலிருந்து மகள் ஜீவிதா கூப்பிட்டுப் புது வீட்டுக்குப் பால் காய்ச்ச எப்பம்மா வர்றீங்க என்கிறாள், இந்தச் சத்தத்தோட அத்தனை தூரம் என்னால உக்கார முடியாது, பஸ்ஸுல நீ வேணா போ என்கிறார், தனியாகப் போய் என்ன சொல்வேன், உங்கப்பன் காருக்குள்ள காதை வெச்சுப் படுத்திருக்காருன்னா, போகவில்லை, கதவைத் திறந்து இறங்கி வெளியே நடந்துவிடலாம் என்று கால் பரபரக்கும், அதே காலால் மிதித்துக்கொண்டிருப்பேன்.

கண்டுபிடித்ததும் அவர்தான், ஆனி மாதத்து ஞாயிறு, பானெட்டைத் திறந்து, மிச்சம் கிடந்த ஒயரை ஆம்ப்ளிஃபயரின் எர்த்திலிருந்து நேராகப் பேட்டரியின் கறுப்பு முனைக்கு இழுத்துப் பிடித்து, மிதி என்றார், மிதித்தேன், எஞ்சின் மட்டும் உறுமியது, ஸ்பீக்கரில் எதுவுமே இல்லை, ஐயோ போயிருச்சுங்க என்று கத்திவிட்டேன், சீட்டைக் கழற்றிப் பார்த்தால் எர்த் ஒயரைப் பெயின்ட்டுக்கு மேலேயே வைத்து ஸ்குரு முறுக்கியிருக்கிறது, இரும்பைத் தொடவே இல்லை, உப்புத்தாளால் வெள்ளை வெளேரென்று இரும்பு தெரியும்வரை தேய்த்து முறுக்கினோம், மறுபடி மிதித்தேன், சுத்தம், நான் சிரித்துக்கொண்டே திரும்பிப் பார்த்தால் அவர் சிரிக்கவில்லை, கொறைஞ்சிருக்குது, போகலை என்றார், அன்வரை வரச்சொன்னார், அவன் பெட்ரோல் வாசத்தோடு வந்து நான்கு கதவிலும் காதை வைத்துக் கேட்டு, சுத்தமா இருக்குதுங்கண்ணா, எர்த்துல விட்டது எங்க கடைப்பையன் தப்புங்க, இப்ப ஒண்ணுமே இல்லை என்றான், ரெண்டு பேரும் சேர்ந்து என்னையப் பைத்தியக்காரன் ஆக்கறீங்களா என்று அவர் அலறினார், தறி ஓடுகையில் கத்திப் பழகிய குரல், வெற்றுக் கூடத்தில் சுற்றிச் சுற்றி வந்தது, அன்வர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டான், நான் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினேன், சாவியை உருவி அவர் கையில் வைத்தேன், இப்ப கேக்குதுங்களா என்றேன், சாவியையே பார்த்துக்கொண்டிருந்தார், இப்பவும் என்றார், அந்தக் குரலை நான் கேட்டதில்லை, கூட்டத்தில் அம்மா கையை விட்டுவிட்ட குழந்தையின் குரல்.

எனக்கு அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது, ஒரு மத்தியானம் ஃபிரிட்ஜ் கத்துது என்று பிளக்கைப் பிடுங்கிப்போட்டுப் பால் திரிந்துபோனது, மோட்டாரை நிறுத்தலையா என்று தொட்டிவரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தது, எவ்வளவு நாளாங்க என்று கேட்டேன், காருல கேட்டுக் கேட்டுக் காதுல தங்கிருச்சுன்னு நெனைச்சேன், காருல போயிட்டா காதுலயும் போயிரும்னு நெனைச்சேன் என்றார், கோயமுத்தூரில் காது டாக்டரிடம் போனோம், கண்ணாடி வைத்த சின்னப் பெட்டி அறைக்குள் அவரை உட்காரவைத்து, காதில் ஹெட்ஃபோனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்குங்கள் என்று கதவைச் சாத்தினார்கள், வெளியிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அமுக்குகிறார், அமுக்குகிறார், வெளியே மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெண் மைக்கில், ஐயா, நான் இன்னும் சத்தமே போடலீங்க என்கிறாள், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் அவர் உதடு அசைகிறது, உதட்டைப் பார்த்துப் பேச்சறியும் பழக்கம் எனக்குப் போகவில்லை, கேக்குதே என்கிறார், டாக்டர் நிதானமாகத்தான் சொன்னார், தறியில நின்ன காதுங்க, உள்நரம்பு தேஞ்சு போச்சு, அதனால இல்லாத சத்தம் இருக்கற மாதிரி வருது, முழுசா நிறுத்த மருந்து இல்லீங்க, பக்கத்துல மெல்ல ஏதாச்சும் பாட்டு ஓடட்டும், போகப்போகக் கவனம் கொறையும்.

ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடியில் வண்டி, நான் என் இடத்தில், இடப்பக்கத்தில், அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கிளப்பாமலே உட்கார்ந்திருக்கிறார், கண்ணாடிகள் ஏற்றியே இருக்கின்றன, எப்படிங்க இருக்கும் அது என்று கேட்கிறேன், சொல்லத் தெரியலை புள்ள, வெளிய எடுத்துக் காட்ட முடிஞ்சாத் தேவலை என்கிறார், நான் பாடறேன், சரியா வந்தா சொல்லுங்க என்று வாயை மூடிக்கொண்டு மூக்கால் ஒரு சத்தத்தை இழுக்கிறேன், இல்லை, இன்னும் சன்னமா என்கிறார், சன்னமாக்கி மேலே கொண்டுபோகிறேன், இன்னும் மேல, கம்பி மாதிரி, போகிறேன், பல் கூசுகிறது, நெற்றிக்குள் ஏதோ நடுங்குகிறது, அவர் சட்டென்று என் கையைப் பிடிக்கிறார், அதான், அதேதான் என்கிறார், அவர் கண்ணில் நீர் முட்டுகிறது, அத்தனை மாதம் கழித்து அவர் முகம் இளகுவதைப் பார்க்கிறேன், விடாமல் இழுக்கிறேன், இதற்குள்ளா இவர் இத்தனை நாள் சாப்பிட்டார், தூங்கினார், என்னோடு பேசினார், என்னால் ஒரு மூச்சுக்குமேல் தாங்க முடியவில்லை, நெஞ்சு காலியாகி நிறுத்திவிட்டேன், வண்டிக்குள் அப்படியொரு அமைதி, எனக்கு மட்டும்.