வேலிக் கதவருகே சக்கரத் தடம்

அமெரிக்காவின் நெவாடா பாலைவன மண்பாதைகளில் இரவு முழுக்க, உள்ளேயே படுத்துறங்க வசதியுள்ள ஒரு கேம்பர் வண்டி உருண்டுகொண்டே இருந்தது. வாரம் முழுக்க மளிகைக் கடைக் கல்லாவில் நின்ற டார்லீனின் கால்கள் வெந்நீர் ஊற்றுக்கு ஏங்கின. ஆனால் அவள் கணவன் வெர்ன் தனிமையின் பரம பக்தன். முதல் ஊற்றில் ஒரு விளக்கு எரிந்தது, இரண்டாவதில் ஒரு நாய் குரைத்தது. இரண்டையும் ஆள் வந்து கெட்டுப்போன இடம் என்று தள்ளிவிட்டான்.

மூன்றாவது ஊற்றின் வேலிக் கதவருகே மண்ணில் புதிதாய்ச் சக்கரத் தடம் தெரிந்தது.

"இங்கயும் எவனோ வந்துட்டான். அடுத்ததுக்குப் போலாம்."

டார்லீன் டார்ச்சோடு இறங்கினாள். தடத்தின் ஓரத்தில் சூரியகாந்தி விதைத் தோல் குவிந்து கிடந்தது. ஒரு மணி நேரத்துக்கு முன் வெர்ன் வரைபடம் பார்க்க வண்டியை இங்கே நிறுத்தியபோது அவள் துப்பியதுதான். இது வழியில்லை என்று சொல்லிக் கிளம்பியவன், குன்றைச் சுற்றி அதே கதவுக்கே வந்திருக்கிறான்.

"வெர்ன், அந்த எவனோ நீதான்யா."

அவன் குனிந்து தோலைப் பார்த்தான்.

"எப்படியோ, இந்த இடமும் ஆளுங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"ஆமா. அதுல ஒருத்தி குளிக்கப் போறா."

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் கதவைத் திறந்தாள். வெர்ன் வரைபடத்தில் நான்காவது ஊற்றைத் தேடிக்கொண்டிருந்தான்.