ம் கொட்டிய ரேடியோ

என் மனைவி பூங்காவனத்தின் பாட்டு ரேடியோவில் வரப்போகிறது என்றதும் நான் செய்த முதல் காரியம், எங்கள் வாசல் அழைப்பு மணியைக் கழற்றியது.

சிரிக்காதீர்கள், சம்பந்தம் இருக்கிறது. ஞாயிறு காலையில் எங்கள் தீவு வானொலியில் தமிழுக்கு அரை மணி நேரம் உண்டு. தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு, அவள் பாடிப் பதிவு செய்துவிட்டு வந்த முருகன் பாட்டைப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே தடவைதான். தவறவிட்டால் போனது போனதுதான், அவள் குரலை அவளே கேட்க வேறு வழி கிடையாது. வீட்டில் இருந்ததோ உள்ளங்கையில் அடங்கும் டிரான்சிஸ்டர் ஒன்று. சனிக்கிழமை தவறாமல் குதிரைப் பந்தய வர்ணனை கேட்டு அதன் பேட்டரியை நான் தீர்த்துவிட்டிருந்தேன். நான் நம்பிய குதிரைகள் மாதிரியே அதுவும் பாதி வழியில் நின்றுவிட்டது.

வேறு எவனாவது இருந்தால் தெருமுனைச் சீனர் கடைக்குப் போய் நாலு பேட்டரி வாங்கியிருப்பான். நான் பக்கத்து ஊர் பீனிக்ஸில் ஒரு பட்டறையில் கணக்குப் பிள்ளை. மெக்கானிக்குகள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு நானும் அரை எஞ்சினியர் என்று ஒரு நினைப்பு. "சுவருக்குள்ளேயே கரண்ட் ஓடுது, அதைப் போய் எவனாச்சும் கடையில வாங்குவானா?" என்று கேட்டேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அழைப்பு மணியின் சின்ன டிரான்ஸ்பார்மர் சுவர் மின்சாரத்தை ரேடியோ தாங்குகிற அளவுக்குக் குறைக்கும். முன்னும் பின்னும் ஓடுகிற அந்த மின்சாரத்தை ஒரே பக்கமாக ஓட்ட ஒரு டயோடு. விட்டுவிட்டு வருவதை இரைச்சல் இல்லாமல் சமப்படுத்த ஒரு கண்டென்சர். அதை மட்டும் கொட்டகையில் செத்துக் கிடந்த பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கினேன். அந்த ரேடியோ செத்ததற்கே இந்தக் கண்டென்சர்தான் காரணமாக இருக்குமோ என்று என் அரை எஞ்சினியர் மூளைக்குத் தோன்றவில்லை. எல்லாவற்றையும் ஒரு சோப்புப் பெட்டியில் திணித்து, மேலே நூல் கட்டினேன்.

நான் பற்றவைத்துக்கொண்டிருந்த நாட்களில் பூங்காவனம் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள். மைக் முன்னால் நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆர்மோனியக்காரர் ஒரு கட்டை ஏற்றிப் பிடித்துவிட்டார், என்னென்னவோ. நான் "ம்" என்பேன். எங்கள் வீட்டில் பேச்சு பாதி தீவின் கிரியோல், பாதி தமிழ். "ம்" இரண்டுக்கும் பொது. சனிக்கிழமை எங்கள் ஊர் வக்குவா மார்க்கெட்டிலிருந்து வந்தவள் ஏதோ வாங்கிவந்ததாகச் சொன்னாள். அதற்கும் ஒரு "ம்" போட்டேன்.

அன்று சாயங்காலம் சோதித்துப் பார்த்தேன். ரேடியோ கணீரென்று பேசியது. இரண்டு வரி கேட்டதும் அணைத்து, மீசையைத் தடவிக்கொண்டேன்.

மறுநாள் காலை ரோஸ் பெல்லிலிருந்து பூங்காவனத்தின் அக்கா கோவிந்தம்மா வந்தாள். மணியை அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "உள்ளே ஆள் இருக்கா, செத்துட்டாங்களா?" என்று வாசலிலிருந்து கத்தினாள். அடுத்த வீட்டு கிளெமானும் அவன் மனைவி ஜினெட்டும் மாதா கோயிலிலிருந்து நேரே வந்துவிட்டார்கள். பூங்காவனம் நீலப் புடவை கட்டி, ரேடியோவுக்கு எதிரே கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள்.

முதல் பாட்டு யாரோ ஒரு கிழவர் பாடியது. ஒரு குறையும் இல்லை. அது முடிகிற நேரத்தில் கண்டென்சருக்குச் சூடு ஏறியது. அடித்தொண்டையில் ஒரு "ம்ம்ம்" கிளம்பியது. அறிவிப்பாளர் அதில் முங்கினார். பின்னாலேயே என் மனைவியின் பாட்டும் முங்கியது. ரேடியோவைத் தட்டினேன், குலுக்கினேன், பெட்டியை ஊதினேன். இரைச்சல் இன்னும் உற்சாகமாகியது.

கோவிந்தம்மா, "ஓம் சொல்றாங்க" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஜினெட்டும் மரியாதையாகத் தலை குனிந்து சிலுவை போட்டாள். கிளெமான் மட்டும், "தோ ராடியோ மலாத், அப்பாசாமி!" என்றான். என் ரேடியோவுக்கு உடம்பு சரியில்லையாம்.

"உடம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு," என்றாள் பூங்காவனம். "இவர்கிட்ட கத்துக்கிச்சு. ம் கொட்டுது."

எழுந்து போய் பிஸ்கட் டின்னைத் திறந்தாள். உள்ளே நாலு புதுப் பேட்டரி.

"இது எப்ப வாங்கினே?"

"நேத்து, மார்க்கெட்ல. வந்ததும் உங்ககிட்ட சொன்னேனே."

"நான் என்ன சொன்னேன்?"

"வேற என்ன சொல்வீங்க!"

வயரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியைப் போட்டேன். ரேடியோ பளிச்சென்று தெளிந்தது. அறிவிப்பாளர் பேசினார்: "பாடியவர், வக்குவா, திருமதி அப்பாசாமி."

அவ்வளவுதான் கேட்டது. பாட்டும் இல்லை, அவள் பெயரும் இல்லை. கணீரென்று என் பெயர். கிளெமான் என் முதுகில் ஓங்கித் தட்டி, "ப்ராவோ, அப்பாசாமி!" என்றான். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

எல்லோரும் போனபிறகு சமையலறை வாசலில் போய் நின்றேன். அவள் நீலப் புடவையை மாற்றாமலே டீக்கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பூங்கா, தப்பு என்மேலதான். அந்தப் பாட்டை இப்ப ஒரு தடவை எனக்காகப் பாடேன்."

"எந்தப் பாட்டுன்னு சொல்லுங்க, பாடறேன்."

அவள் எத்தனையோ தடவை சொல்லியிருப்பாள். முருகன் பாட்டு என்பதற்குமேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

"சரி விடு. கோபம் ஆறினதும், வேற ஒரு நாள் பாடுவேதானே?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கோப்பையை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

"ம்," என்றாள்.

கேட்டிருந்தால் மற்றவர்கள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள். எனக்கு அதன் அர்த்தம் நன்றாகத் தெரியும். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் அதைச் சொல்லிவந்தவன் நான்.