தங்கச்சிக்குச் சொல்லாத செய்தி

அப்பா இறந்துபோன செய்தி ஜெனோஜனுக்குப் பலேர்மோத் துறைமுகத்தில் வைத்துத்தான் வந்தது. நாப்போலியிலிருந்து வந்த கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து லொறிகளை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி எடுப்பித்துக்கொண்டிருந்தான். சத்தத்தில் முதல் இரண்டு அழைப்பும் கேட்கவில்லை. மூன்றாவதை எடுத்தபோது லிபெர்த்தா தெருவில் அப்பா வேலை செய்யும் வீட்டின் எசமானியான சிஞ்ஞோராவின் குரல் கேட்டது. எண்பது வயதைத் தாண்டிய மனுசி. கோப்பி பொங்கி அடுப்பில் ஊற்றுகிற மணம் வந்து எட்டிப் பார்த்தாளாம். அப்பா பேரின்பநாயகம் குசினிக் கதிரையில் சுவரோடு தலை சாய்த்து இருந்தாராம். நித்திரையாக்கும் என்று நினைத்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாளாம். அதற்குமேல் அவளால் சொல்ல முடியவில்லை. அம்புலன்ஸ்காரன் ஒருவன் தொலைபேசியை வாங்கி மிச்சத்தைச் சொன்னான்.

வேலைச் சட்டையைக்கூட மாற்றாமல் அவன் ஓடினான். பிறகு அம்மாவுக்குச் சொன்னான். அம்மா குகனேஸ்வரி சத்தம்போட்டு அழவில்லை. நிலத்தில் இருந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை நிமிர்த்தி, "பிரசாவுக்குச் சொல்லியாச்சோ?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அவனுக்குத் தங்கச்சியின் நினைவு வந்தது.

பிரசாந்தினி பெருவில் இருந்தாள். மருத்துவமனையில் பிசியோதெரபி செய்கிறவள் அவள். பலேர்மோவில் பிறந்து வளர்ந்தவள், பத்து வயதிலிருந்தே மலைப்பைத்தியம். கூட வேலை செய்கிறவர்கள் சிலரோடு சேர்ந்து, இன்கா ராசாக்கள் மலையில் போட்ட கல்லுப்பாதையில் நடந்து அவர்களுடைய பாழடைந்த நகரமான மச்சு பிச்சுவுக்குப் போவதென்று வெளிக்கிட்டிருந்தாள். நாலு நாள் நடை. வழிகாட்டி ஒருவரும் கூடாரம் தூக்கிகளும் கூடப் போவார்கள். நடுவில் ஊரும் இல்லை, வாகனப் பாதையும் இல்லை, தொலைபேசியும் எடுக்காது. தமிழ்க் கடைக்குப் போனால் அப்பா இதைத்தான் கதைப்பார். "என்ரை மகள் ராசாக்கள் நடந்த றோட்டாலை போறாள்" என்று, கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் சொல்லுவார். அவள் நடக்கத் தொடங்குவதற்கு முதல்நாள் தொலைபேசியில் வந்தபோது, தடித்த காலுறை கொண்டுபோனாயா என்று மட்டும் கேட்டுவிட்டு அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அவள் நடக்கத் தொடங்கி முதல்நாள் முடிந்து, முகாமில் படுத்திருந்த நேரத்தில்தான் இங்கே அவர் போனார்.

ஜெனோஜன் பயண முகவரைப் பிடித்து, அவர் மூலம் குஸ்கோ நகரத்தில் இருந்த அலுவலகத்தைப் பிடித்தான். அதற்குள் மத்தியானம் கடந்துவிட்டது. அங்கே விடிந்து நேரமாகிவிட்டது. இத்தாலியன் தெரிந்த ஒரு பெண் பொறுமையாகக் கதைத்தாள். குழு முகாமை விட்டு வெளிக்கிட்டுவிட்டது, இன்றைக்குத்தான் அந்தப் பாதையின் மிக உயர்ந்த கணவாயை ஏறுகிறார்கள் என்றாள். செத்த பெண்ணின் கணவாய் என்று அதற்குப் பெயராம். கீழிருந்து பார்த்தால் மலை ஒரு பெண் மல்லாந்து கிடப்பதுபோல் தெரியுமாம். ஜெனோஜனுக்கு அந்த நேரத்தில் அதைக் கேட்கவே பிடிக்கவில்லை.

வழிகாட்டி ஃபௌஸ்தினோவிடம் மலையிலும் எடுக்கிற செய்மதித் தொலைபேசி இருக்கிறது, பின்னேரம் முகாமுக்கு வந்ததும் அதைத் திறப்பார், அப்போது சொல்லலாம் என்றாள். ஆனால் கணவாயைத் தாண்டி இறங்கிய பிறகு திரும்பி வருவதென்றால் அதே கணவாயை மறுபடி ஏறவேண்டும். சுமைதூக்கி ஒருவரைத் துணைக்கு விடலாம். அப்படி வந்தால் ஒருநாள் முந்தி வீட்டுக்கு வரலாம், அவ்வளவுதான். குடும்பம் என்ன சொல்கிறதோ அதன்படி செய்வோம் என்றாள்.

அந்த ஒரு நாளுக்காக அவளுக்கு இதைச் சொல்வதா? வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று ஜெனோஜன் வைத்தான்.

வீட்டில் அதற்குள் சனம் கூடியிருந்தது. கீழ்மாடியில் இருக்கும் றோசமலர் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவும் அவளும் பலேர்மோவுக்கு ஒரே வருடம் வந்தவர்கள், வீடு துப்புரவாக்கும் வேலையை ஒன்றாகத் தொடங்கியவர்கள். விசயத்தைக் கேட்டதும் அவள் தயங்காமல் சொன்னாள்.

"இப்ப சொல்லி என்ன தம்பி? பிள்ளை அந்த மலையிலை நிண்டு தனியக் குழறவோ? கால் தடக்கி விழுந்தாலும் ஆர் பாக்கிறது? வந்தாப்பிறகு சொல்லலாம்."

அம்மா சுவரோடு சாய்ந்திருந்தாள். "அவளுக்குச் சொல்லு," என்றாள்.

"அம்மா, ஒரு நாள்தான் வித்தியாசம். கொஞ்சம் பொறுங்கோ."

"அவளோடை நான் ஒருக்காக் கதைக்கவேணும்."

"கதைச்சு அவளையும் அழவைக்கவோ?"

அம்மா பதில் சொல்லவில்லை. அதை அவன் சம்மதம் என்று எடுத்துக்கொண்டான். பல்கனிக்குப் போய் கதவைச் சாத்திவிட்டுக் குஸ்கோவுக்கு எடுத்தான். தங்கச்சி நடையை முடிக்கட்டும், ஒன்றும் தெரியவேண்டாம், ஊருக்கு இறங்கி வந்ததும் நானே சொல்கிறேன் என்றான்.  ஃபௌஸ்தினோ நல்ல மனிதர், ஆனால் மறைக்கத் தெரியாதவர், இருந்தாலும் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள் அந்தப் பெண். அவள் வைத்த பிறகும் அவன் பல்கனியிலேயே நின்றான். சரியானதைத்தான் செய்திருக்கிறேன் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். வீட்டுக்கு மூத்தவன் இனி நான்தானே என்றும் நினைத்தான்.

அப்பாவை மருத்துவமனைப் பிணவறையில் வைத்திருந்தார்கள். அவள் வரும்வரை வைத்திருக்க ஒழுங்குசெய்தான். அதற்கென்று அலைந்த நாட்களில் அவன் அதிகம் யோசிக்கவில்லை. கையொப்பம், சான்றிதழ், கொமூனே என்கிற நகரசபை, மறுபடி கையொப்பம். சிஞ்ஞோரா தன் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு படி ஏறி வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தாள். அப்பாவை அவள் பேரி என்றுதான் கூப்பிடுவாள். போகும்போது, பேரி எனக்கு உப்புக் குறைத்துத்தான் சமைப்பான், என் மகள்கூட அப்படிப் பார்த்துச் செய்யமாட்டாள் என்று சொல்லி அழுதாள்.

அப்பா போனதற்கு அடுத்தநாள் பின்னேரம் அவன் வீட்டுக்குள் வந்தபோது அம்மா அறையில் தனியாக இருந்தாள். தொலைபேசியைக் காதில் வைத்திருந்தாள். யாரோடு கதைக்கிறாள் என்று நின்று கேட்டான். அம்மா ஒன்றும் பேசவில்லை. தொலைபேசிக்குள்ளிருந்து பிரசாந்தினியின் குரல் மெல்லக் கேட்டது. இத்தாலியனில், இப்போது பதில் சொல்ல முடியாது, செய்தியை விடுங்கள் என்று சொல்லும் அவளுடைய பதிவுக் குரல். அது முடிந்ததும் அம்மா துண்டித்தாள். மறுபடி அதே இலக்கத்தை அழுத்தினாள்.

ஜெனோஜன் சத்தம் செய்யாமல் கதவடியிலிருந்து விலகினான். அப்போதாவது குஸ்கோவுக்கு எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. இனி இன்னும் ஒரு நாள்தானே என்று விட்டுவிட்டான்.

நடையின் நாலாம் நாள் பின்னேரம் குஸ்கோ அலுவலகத்திலிருந்து ஒரு படம் வந்தது. குழு பத்திரமாக வந்துசேர்ந்துவிட்டது என்று எழுதியிருந்தார்கள். பின்னால் கூரையில்லாத கல்வீடுகளும் கூரான ஒரு மலையும் தெரிந்தன. முன்னால் ஏழெட்டுப் பேர். நடுவில் பிரசாந்தினி சிரித்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு உடம்பெல்லாம் ஆறினமாதிரி இருந்தது. நல்லவேளை சொல்லவில்லை என்று நினைத்தான். படத்தை அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கனநேரம் பார்த்தாள்.

"இவளுக்குத் தெரியும்," என்றாள்.

"இல்லையம்மா. சிரிக்கிறாளெல்லோ."

"இது பல்லைக் காட்டுறது. சிரிப்பில்லை."

அவன் மறுத்துக்கொண்டிருக்கும்போதே தொலைபேசி அடித்தது. பிரசாந்தினிதான். எப்படித் தொடங்குவதென்று அவன் சொற்களைத் தேடி வைத்திருந்தான். அவள் அவனைத் தொடங்கவிடவில்லை.

"அண்ணா, ரிக்கற் மாத்திப்போட்டன். நாளைக்கு வெளிக்கிடுறன்."

"பிரசா, நான் உன்னட்டை ஒண்டு…"

"எனக்குத் தெரியும் அண்ணா. அம்மாட்டைக் குடு."

அம்மா தொலைபேசியை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அப்பா போன நாளிலிருந்து அவள் வாய்விட்டு அழுததை அவன் அன்றுதான் கேட்டான்.

அவளைக் கூட்டிவர விமானநிலையத்துக்குப் போனான். வெயிலில் முகம் கறுத்து மூக்குத் தோல் உரிந்திருந்தது. உதடு வெடித்திருந்தது. அவனைக் கட்டிப்பிடித்து அழுதாள். கார் கடற்கரையோரமாக ஓடத் தொடங்கிய பிறகுதான் அவன் கேட்டான். எப்போது தெரியும்?

கணவாயைத் தாண்டி இறங்கிய அன்று பின்னேரமே தெரியுமென்றாள். சமையல் கூடாரத்துக்குப் பின்னால் ஃபௌஸ்தினோ தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தாராம். ஸ்பானிஷ் இவளுக்கு முழுக்கத் தெரியாது. ஆனால் அப்பாவுக்கும் சாவுக்கும் குடும்பத்துக்கும் அவர்கள் சொல்லும் சொற்கள் இத்தாலியனுக்குக் கிட்டத்தான். தன் பெயரும் கேட்டதாம். நேரே போய் அவருக்கு முன்னால் நின்றாளாம். அந்த மனிதரால் பொய் சொல்ல முடியவில்லை.

"ஃபோனை என்ரை கையிலை தந்தவர். வீட்டை எடுத்துக் கதை பிள்ளை எண்டமாதிரித்தான் சொன்னவர்."

"பிறகேன் எடுக்கேல்லை?"

"எனக்குத் தெரியக்கூடாதெண்டு வீட்டிலை சொல்லினம் எண்டவர். அம்மாதான் அப்பிடிக் கேட்டிருப்பா எண்டு நினைச்சன். எனக்குத் தெரிஞ்சிட்டுதெண்டா, நான் அந்தக் குளிருக்கை தனிய இருந்து அழுறன் எண்டு நினைச்சு அம்மா இன்னும் உடைஞ்சு போவா. அதுதான் தெரியாத மாதிரியே நடந்தன். திரும்பி வந்தாலும் உங்களுக்கு விளங்கிப் போடுமெல்லோ."

"மற்றவைக்குச் சொன்னனியோ?"

"ஒருத்தருக்கும் சொல்லேல்லை. படம் உங்களுக்கு அனுப்புவினம் எண்டு தெரியும். அதுதான் சிரிச்சனான்."

 தடுத்தது தான்தான் என்பதைச் சொல்லாமலே விடலாம் என்று ஜெனோஜன் ஒரு நிமிடம் நினைத்தான். ஆனால் அம்மா சொல்லியிருப்பாள், இல்லாவிட்டால் இனிச் சொல்லுவாள்.

"அம்மா உனக்குச் சொல்லத்தான் சொன்னவா. உன்னோடை கதைக்கவேணுமெண்டு கேட்டவா. நான்தான் விடேல்லை."

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"அப்ப, சொல்லவேண்டாமெண்டு நீதான் சொன்னனியோ?"

"ஓம்."

அவள் கோபப்படுவாள் என்று காத்திருந்தான். அவள் கார் யன்னல் கண்ணாடிப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு வரும்வரை அப்படியே இருந்தாள். வாசலில் இறங்கும்போது தன் முதுகுப்பையைத் தூக்க வந்த அவன் கையை மெல்ல விலக்கிவிட்டு, தானே தூக்கிக்கொண்டு படியேறினாள்.

மறுநாள் அப்பாவை எரித்தார்கள். சிஞ்ஞோரா கறுப்புச் சேலை மாதிரி ஒரு பெரிய சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தாள். அப்பாவின் முகம் ஒருவித நீலமாக இருந்தது, மற்றப்படி அவர்தான். பிரசாந்தினி குனிந்து அவருடைய கால்களைத் தொட்டுக்கொண்டு நின்றாள். றோசமலர்தான் அவளைப் பிடித்து எழுப்பவேண்டியிருந்தது. ஜெனோஜன் மகன் செய்யவேண்டியதெல்லாம் செய்தான். யாரும் அவனை ஒரு குறை சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை. அம்மா ஒரேயொருமுறை, எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று, பாத்திரம் கழுவிக்கொண்டு நிற்கும்போது சொன்னாள். "உன்னிலை பிழையில்லை மேனை. ஆனா அந்த ரெண்டு நாளும் நான் அவளோடை சேந்து அழுதிருப்பன். அவளும் அங்கை தனிய அழுதிருக்கமாட்டாள்."

அவன் துவாயை எடுத்துக் கோப்பைகளைத் துடைத்தான்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலை முடிந்து அவன் வீட்டுக்கு வந்தான். குசினியில் இரண்டு பேரும் இருந்தார்கள். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பிரசாந்தினி அந்தப் பாதையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் அடுத்த கணவாயில் ஃபௌஸ்தினோ மற்றவர்களை முன்னே போகவிட்டுவிட்டு அவளை நிற்கச் சொன்னாராம். அந்த ஊர்ச் சனம் மலைக்குப் படைக்கும் கொக்கா இலை மூன்றை விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டு, அப்பாவின் பெயர் என்ன என்று கேட்டாராம். இவள் சொன்னாளாம். அவருக்கு வரவில்லை. பேரின்ப வரை வரும், நாயகத்தில் தடக்கும். சரி வரும்வரைக்கும் விடாமல் திரும்பத் திரும்பச் சொன்னாராம். பிறகு இலைகளை ஒரு கல்லுக்குக் கீழே வைத்துவிட்டு, அந்த மலைகளைப் பார்த்து ஒருமுறை சத்தமாகப் பெயரைச் சொன்னாராம்.

"அதுவரைக்கும் எனக்கு அழுகை வரேல்லையம்மா. அண்டைக்குத்தான் வந்தது."

கதவடியில் ஜெனோஜனைக் கண்டதும் அவள் நிறுத்தினாள். அம்மா இருவரையும் பார்த்தாள். தனக்குப் பக்கத்திலிருந்த கதிரையிலிருந்து கீரைப் பையைத் தூக்கி நிலத்தில் வைத்தாள்.

"இரு மேனை," என்றாள்.

அவன் இருந்தான்.  பிறகு பிரசாந்தினி விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். கடைசி நாள் விடிய மலையெல்லாம் பனிப்புகார் என்றாள், சூரியவாசல் என்கிற இடத்தில் நின்று பார்த்தால் நகரம் தெரியவேண்டுமாம், ஒன்றுமே தெரியவில்லை என்றாள். அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள்.